கண்ணின் மையப்பகுதியும் இரத்தக் குழாய் நலமும்

விழித்திரைப் பிரிவில் பரிசோதனை முடிந்து, ‘முதுமை சார்ந்த மாகுலாச் சிதைவு’ என்று நோயின் பெயரை எழுதித் தரும்போது, அதே சீட்டில் நாங்கள் வேறு சில வரிகளையும் எழுதுகிறோம். இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வேண்டும். பொது மருத்துவரையோ இதய மருத்துவரையோ ஒருமுறை காண வேண்டும். அதைப் படித்ததும், உடன் வந்த மகனோ மகளோ பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “அப்பாவுக்குக் கண்ணில்தானே கோளாறு? நெஞ்சு டாக்டர் எதற்கு?”

கேள்வி நியாயமானதே. ஆயினும், மாகுலா என்னும் அச்சிறு இடம் இரத்த ஓட்டத்தை எவ்வளவு சார்ந்து வாழ்கிறது என்பதை அறிந்தால், அவ்வரிகளின் காரணம் விளங்கும். அதே வேளையில், இத்தொடர்பை மிகைப்படுத்துவதும் தவறு. நெஞ்சுக்கான மாத்திரையே கண்ணையும் காத்துவிடும் என்று நம்பிக் கண் சிகிச்சையைக் கைவிட்டவர்களும் உண்டு. எனவே, எவை உறுதியாகத் தெரிந்தவை, எவை இன்னும் ஆய்வில் உள்ளவை, இவற்றைக் கொண்டு ஒரு குடும்பம் செய்யத்தக்கது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

மாகுலா என்பது யாது?

கண்ணின் உட்புறப் பின்சுவரில் விழித்திரை படர்ந்துள்ளது. அதன் நடுவே, ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பகுதியே மாகுலா. நூல் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரில் நிற்பவரின் முகத்தை அறிவது, மாத்திரை அட்டையின் சிறிய எழுத்தைப் பார்ப்பது ஆகிய நுண்பார்வை வேலைகள் யாவும் இப்பகுதியின் பொறுப்பு. 50 வயதுக்குப் பின், இங்குள்ள செல்கள் மெல்ல நலிவடைவதையே முதுமை சார்ந்த மாகுலாச் சிதைவு என்கிறோம். வயது ஏற ஏற இது தோன்றும் வாய்ப்பும் மிகுகிறது.

இரண்டு செய்திகளை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். இந்நோய் தானாக முழுக் குருட்டைத் தருவதில்லை. பக்கப் பார்வை நிலைத்திருப்பதால், நோய் முற்றியவரும் வீட்டுக்குள் பெரும்பாலும் தாமே நடமாட இயலும். அடுத்து, இது கண்புரை அன்று. கண்ணாடியை மாற்றுவதாலும், புரையை அகற்றுவதாலும் மாகுலா நோய் தீராது. “வயதானால் பார்வை மங்கத்தான் செய்யும்” என்று பொறுத்திருந்து, காலம் கடந்த பின் வருவோரைப் பார்க்கும்போது எங்களுக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

இரத்தம் வரும் வழி

இதயத்திலிருந்து புறப்படும் இரத்தம், கழுத்தின் இருபுறமும் உள்ள கழுத்துத் தமனிகள் வழியே மேலேறுகிறது. அவற்றின் உட்கிளை மண்டையோட்டுக்குள் நுழைந்ததும், கண்ணுக்கென ஒரு தமனியை அனுப்பிவிட்டு, மூளையை நோக்கிச் செல்கிறது. அதாவது, கண்ணும் மூளையின் பெரும்பகுதியும் ஒரே குழாயிலிருந்து இரத்தம் பெறுகின்றன.

கண்ணை அடைந்த இரத்தத்தில் சிறு பங்கே விழித்திரையின் உள்ளடுக்குகளுக்குப் போகிறது. பெரும்பங்கு, விழித்திரைக்குப் பின்னால் அமைந்த விழியடிக் கரும்படலத்துக்குப் பாய்கிறது. எடைக்கு எடை ஒப்பிட்டால், உடலில் இப்படலத்தைப் போல் மிகுதியாக இரத்தம் பாயும் திசுக்கள் மிகச் சிலவே.

இதற்குக் காரணம் உண்டு. மாகுலாவின் நடுக்குழியில், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு இரத்தக் குழாயே கிடையாது. ஒளி தடையின்றி விழுவதற்கு ஏற்ற அமைப்பு அது. அங்கே நெருங்கி நிற்கும் கூம்புச் செல்கள், பிராணவாயுவையும் ஊட்டத்தையும் பின்னாலுள்ள கரும்படலத்திலிருந்தே பெறுகின்றன. அவற்றின் கழிவும் அவ்வழியே வெளியேறுகிறது. இடையில் இருப்பவை இரண்டு: ஒற்றை வரிசையாக அமைந்த நிறமிச் செல்கள், அவற்றின் அடியில் புரூக் சவ்வு என்னும் மிக மெல்லிய படலம்.

வேளாண் குடும்பத்தினர்க்கு இதை எளிதாக விளக்கலாம். மாகுலாவின் நடுக்குழி ஒரு கடைமடை வயல். வாய்க்காலில் நீர் குறைந்தாலும், மடையில் வண்டல் படிந்தாலும், முதலில் வாடுவது கடைமடைப் பயிரே.

மடையில் படியும் வண்டல்

வயது கூடும்போது புரூக் சவ்வு தடிக்கிறது. அதில் கொழுப்பு சேர்கிறது. கரும்படலத்தின் நுண்நாளங்களும் அடர்த்தி குறைகின்றன. வெளியேற வேண்டிய கழிவு, நிறமிச் செல்களின் அடியில் மஞ்சள் நிறப் புள்ளிகளாகத் தங்குகிறது. இப்புள்ளிகளை ‘ட்ரூசன்’ என்கிறோம். சிறிய ட்ரூசன் ஓரிரண்டு இருப்பது முதுமையின் இயல்பு. 125 மைக்ரானுக்கு மேற்பட்ட, அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்கும் பெரிய புள்ளிகள் தோன்றினால், நோய் முற்றும் அபாயம் கூடுதல் என்று கொள்கிறோம்.

இதயத் தமனிகளின் சுவரில் கொழுப்பு படிவதை அறிந்தவர்கள், இரண்டும் ஒன்றோ என ஐயுறுவர். ஒற்றுமை உண்டு: இரண்டிலும் கொலஸ்ட்ரால் உண்டு, இரண்டிலும் அழற்சிக்குப் பங்குண்டு. ஆனால் வேறுபாடும் முக்கியமானது. ட்ரூசனில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி இரத்தத்திலிருந்து கசிந்து படிந்ததன்று என்றும், நிறமிச் செல்களே உருவாக்கி வெளியேற்றியது என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆகவே, இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் இயல்பாக இருப்பவர்க்கும் ட்ரூசன் தோன்றலாம்.

உலர் வகை, ஈர வகை

புள்ளிகள் பெருகி, நிறமிச் செல்களும் ஒளியுணர் செல்களும் திட்டுத்திட்டாக மறைவது உலர் வகை. இது பல ஆண்டுகளில் மெல்ல நிகழும். நோயாளிகளில் பெரும்பாலோர்க்கு உள்ளது இவ்வகையே.

ஈர வகை வேறு விதமானது. செல்கள் இடர்ப்படும்போது, ‘புதிய குழாய்களை அனுப்புக’ என்னும் பொருளில் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பிராணவாயுக் குறைவு இதற்கு ஒரு முக்கியத் தூண்டுதல். அழைப்பை ஏற்றுக் கரும்படலத்திலிருந்து முளைக்கும் புதுக் குழாய்கள் உறுதியற்றவை. அவை புரூக் சவ்வைத் துளைத்து வந்து, நீரும் இரத்தமும் கசியவிடுகின்றன. சில நாள்களிலோ வாரங்களிலோ நடுப்பார்வை கெடலாம். ஆசிய மக்களிடையே, கரும்படலக் குழாய்கள் மொட்டு மொட்டாகப் புடைத்துக் கசியும் ஓர் உள்வகையும் மிகுதியாகக் காணப்படுகிறது.

உயிருள்ளவரின் இரத்தக் குழாய்களை அறுவையின்றி நேரடியாகப் பார்க்க இயலும் இடம் கண்ணின் பின்சுவரே. 1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தாம் உருவாக்கிய கண்ணோக்கிக் கருவியை உலகுக்கு அறிவித்தது முதல் மருத்துவர்கள் அவ்வழியே பார்த்து வருகின்றனர். கையில் சாயமருந்து ஏற்றிக் கண்ணின் குழாய்களைப் படமெடுக்கும் முறையை, அமெரிக்காவின் இண்டியானாவில் மருத்துவ மாணவர்களாக இருந்த ஹெரால்டு நோவோட்னியும் டேவிட் ஆல்விஸும் 1961இல் வெளியிட்டனர். அக்கட்டுரை வெளிவந்தது ‘சர்க்குலேஷன்’ என்னும் இதய, இரத்த ஓட்ட ஆய்விதழில்.

தொடர்பு எத்தகையது?

உறுதியானவற்றை முதலில் சொல்வோம். வயதும் மரபும் நம் கையில் இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு பகுதியான ‘காம்ப்ளிமென்ட்’ புரதங்களைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றின் மாறுபாடு, இந்நோயின் அபாயத்தை வெகுவாகக் கூட்டுகிறது என்பது 2005இல் தெரியவந்தது. நம் கையில் உள்ளவற்றில் முதன்மையானது புகை. புகைப்பவர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு மிகுதி என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. சிகரெட்டும் பீடியும் தமனிகளையும் மாகுலாவையும் ஒருசேரத் தாக்குகின்றன.

இனி, அவ்வளவு உறுதியாகாதவை. உயர் இரத்த அழுத்தத்துக்கும் மாகுலா நோய்க்கும் தொடர்பு உண்டெனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. வேறு சில அதைக் காணவில்லை. ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். மிகுந்தவர்க்கு இந்நோய் குறைய வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். பல பெரிய ஆய்வுகளில் அது சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது. அபோ-இ4 என்னும் மரபணு வடிவம், இதய நோய்க்கும் அல்சைமர் மறதி நோய்க்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. மாகுலா நோய்க்கோ குறைக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் இந்நோயைத் தடுக்கும் என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை. இவற்றிலிருந்து, மாகுலா நோயும் தமனி நோயும் உறவினர்களே தவிர, ஒரே நோயின் இரு பெயர்கள் அல்ல என்று அறியலாம்.

அண்மையில் கவனம் பெற்றுவரும் செய்தி ஒன்றும் உண்டு. மேலே சொன்ன ட்ரூசன் நிறமிச் செல்களுக்கு அடியில் படிவது. நிறமிச் செல்களுக்கு மேல், விழித்திரைக்குக் கீழ் படியும் வேறு வகைப் படிவும் உண்டு. சாதாரணப் பரிசோதனையில் இது தப்பிவிடலாம்; ஓ.சி.டி. என்னும் ஒளிக்கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரியும். 2022இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவ ஆய்வாளர்கள், மாகுலா நோயுள்ளோரை ஆராய்ந்தபோது, கடுமையான இதய நோயோ பக்கவாதமோ கண்டவர்களில் பெரும்பாலோர்க்கு இவ்வகைப் படிவு இருப்பதைக் கண்டனர். கரும்படலத்துக்கு வரும் இரத்தம் குறைவதே இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்களின் கருத்து. ஆய்வுக்குட்பட்டோர் தொகை பெரிதன்று. மேலும் ஆய்வுகள் தேவை. எனினும், உங்கள் ஓ.சி.டி. படத்தில் இப்படிவு காணப்பட்டால், இதயப் பரிசோதனைக்கு நாங்கள் அழுத்தமாகப் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே. படிவு இருப்பதால் இதய நோய் இருந்தே தீரும் என்பது இதன் பொருளன்று. பார்த்துத் தெளிவது நல்லது என்பதே பொருள்.

மாகுலா நோய் காணும் வயதும், மாரடைப்பும் பக்கவாதமும் காணும் வயதும் ஒன்றே என்பதையும் மறத்தலாகாது. கண்ணுக்காக வந்தவரின் உயர் இரத்த அழுத்தம் அன்றைக்கே முதன்முதலாகத் தெரியவருவதும் உண்டு. அவர்க்கு அந்த ஒரு வரிப் பரிந்துரை உயிர் காப்பதாகவும் அமையலாம்.

செய்யத்தக்கவை

புகையை விடுதல் முதற்கடமை. “இந்த வயதில் விட்டு என்ன பயன்?” என்று கேட்போர்க்கு எங்கள் விடை: விட்ட ஆண்டுகள் கூடக் கூடக் கண்ணுக்குள்ள அபாயம் குறைகிறது, இதயத்துக்கோ பயன் அதைவிட விரைவில் தெரிகிறது. ஒரு கண்ணில் நோய் முற்றியவர், மற்றக் கண்ணைக் காக்கவேனும் இன்றே விடலாம்.

இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல் இரண்டாவது. மாகுலா நோயுடன் இவற்றின் தொடர்பு எவ்வாறாயினும், விழித்திரைச் சிரை அடைப்பு, சர்க்கரை நோய் சார்ந்த விழித்திரைப் பாதிப்பு ஆகியவை இவற்றால் வருவன. ஏற்கெனவே தளர்ந்த கண்ணுக்கு மற்றொரு நோயும் சேர்தல் கூடாது.

உணவில் முருங்கைக்கீரை, பசலைக்கீரை போன்ற கீரைகளும், முட்டையின் மஞ்சள் கருவும், மத்தி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களும் இடம்பெறலாம். மாகுலாவின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான லூட்டின், சியாசாந்தின் ஆகிய நிறமிகள் கீரையிலிருந்தும் முட்டையிலிருந்துமே கிடைக்கின்றன. ஆனால் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர், கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும்.

சத்து மாத்திரைகள் எல்லோர்க்கும் உரியவை அல்ல. அமெரிக்காவில் நடந்த ‘ஏரெட்ஸ்’ ஆய்வின் முடிவு 2001இல் வெளிவந்தது. வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் முதலியவை அடங்கிய கூட்டு, இடைநிலை நோயுள்ளோரும் ஒரு கண்ணில் மட்டும் நோய் முற்றியோரும் ஐந்தாண்டில் முற்றிய நிலையை அடையும் அபாயத்தை ஏறத்தாழ 25 விழுக்காடு குறைத்தது. தொடக்க நிலையில் உள்ளோர்க்கும், நோயில்லாத பிள்ளைகளுக்கும் பயன் காட்டப்படவில்லை. முதற்கூட்டில் இருந்த பீட்டா கரோட்டின் புகைத்தவர்க்கு நுரையீரல் புற்று அபாயத்தைக் கூட்டியதால், 2013இல் வெளிவந்த இரண்டாம் ஆய்வின்படி அதற்கு மாற்றாக லூட்டினும் சியாசாந்தினும் சேர்க்கப்படுகின்றன. அதே ஆய்வில், ஒமேகா-3 மாத்திரையைக் கூடுதலாகச் சேர்த்ததால் பயன் தெரியவில்லை. ஆகவே, கடையில் தாமாக வாங்காமல் எங்களிடம் கேட்டு வாங்குங்கள்.

ஊசி சிகிச்சை பற்றி

ஈர வகைக்கு, வி.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசி மூலம் செலுத்துகிறோம். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மாதந்தோறும் இவ்வூசி பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 95 பேர், ஓராண்டு முடிவில் பெரும் பார்வையிழப்பின்றி இருந்தனர். ஊசி பெறாதோரில் அத்தொகை 62 மட்டுமே. இவ்வூசிகள் வருமுன் ஈர வகை கண்டோரில் பலர் நடுப்பார்வையை இழந்தனர்.

இது ஒருமுறை போட்டு முடிக்கும் ஊசி அன்று. தொடக்கத்தில் மாதம் ஒன்றாகச் சில ஊசிகளும், பின்னர் கண்ணின் நிலைக்கேற்ப இடைவெளி விட்டும் தொடர வேண்டும். “பார்வை கூடவில்லையே, ஏன் போட வேண்டும்?” என்று நிறுத்துவோர் உண்டு. உள்ள பார்வை குறையாமல் நிற்பதும் இச்சிகிச்சையின் வெற்றியே.

ஊசிக்கு வருமுன் எங்களிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் தெரிவியுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். இதயத்துக்காகத் தந்த ஆஸ்பிரினைக் கண்ணுக்கு ஆகாது என்று எவரோ சொன்னதாக நிறுத்துவதும் ஆபத்து. ஊசிக்குப் பின் சில நாள்களில் கண் வலி, சிவப்பு, கூச்சம், பார்வைக் குறைவு தோன்றினால் உடனே வர வேண்டும். மறுநாளைக்குத் தள்ளக் கூடாது.

உலர் வகையில் செல்கள் மறையும் வேகத்தைக் குறைக்கும் ஊசிகளுக்கு அமெரிக்காவில் 2023இல் ஒப்புதல் கிடைத்தது. அவை இழந்த பார்வையை மீட்பதில்லை.

வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

இரு கண்களும் திறந்திருக்கும்போது, நல்ல கண் பழுதான கண்ணின் குறையை மறைத்துவிடும். ஆகவே நாள்தோறும் ஒரே நேரத்தில், படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். நாங்கள் தரும் ஆம்ஸ்லர் கட்ட அட்டையை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்து, நடுப்புள்ளியை நோக்குங்கள். அட்டை கைவசம் இல்லையெனில், மாத நாட்காட்டியின் கட்டங்களையோ சன்னல் கம்பிகளையோ பார்க்கலாம். நேர்க்கோடு வளைந்தோ நெளிந்தோ தெரிந்தாலும், நடுவே கட்டங்கள் மறைந்தாலும், அடுத்த தவணை நாளுக்காகக் காத்திராமல் ஓரிரு நாளுக்குள் வாருங்கள்.

இதினும் அவசரமானது ஒன்று உண்டு. வலியின்றித் திடீரென ஒரு கண் இருண்டுவிட்டாலோ, திரை விழுந்தாற்போல் மறைந்து சில நிமிடங்களில் தெளிந்தாலோ, அதை மாகுலா நோய் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். கழுத்துத் தமனியிலிருந்தோ இதயத்திலிருந்தோ வந்த அடைப்பாக அது இருக்கலாம். பக்கவாதத்தின் முன்னறிவிப்பாகவும் ஆகலாம். பார்வை திரும்பிவிட்டாலும், அந்நேரமே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

உடனிருப்போர்க்கு

முகம் தெரியாததால் பெரியவர் உறவினரிடம் பேசாமல் கடந்து போகலாம். தட்டில் உள்ளதைத் தடவிப் பார்க்கலாம். அதைக் கவனக்குறைவென்றோ பிடிவாதமென்றோ கொள்ளாதீர்கள். அருகில் செல்லும்போது பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மாத்திரை அட்டைகளில் பெரிய எழுத்தில் வேளையை எழுதி ஒட்டுங்கள். இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் மாற்றி உண்ணும் தவறு, பார்வை குறைந்த இல்லங்களில் எளிதில் நேரக்கூடியது. கண் நோய் இதயத்துக்கும் இடர் தரும் வழிகளில் இதுவும் ஒன்று.

அடுத்த முறை வரும்போது, கண் சீட்டுடன் இதய மருத்துவர் தந்த சீட்டையும், உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரே பையில் கொண்டுவாருங்கள். இதய மருத்துவரிடம் செல்லும்போது கண் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். “நெஞ்சு டாக்டர் எதற்கு?” என்னும் கேள்விக்கு எங்கள் விடையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். கண்ணுக்குரிய சிகிச்சையை நாங்கள் செய்கிறோம். அக்கண்ணுக்கு இரத்தம் அனுப்பும் உடலை அவர் பார்க்கட்டும். ஒருவர் செய்வது மற்றவர் வேலைக்கு ஈடாகாது. இரண்டும் நோயாளிக்குத் தேவை.